மேலே ஒரு படி அரிசி

அத்தியாயம் 11

“இன்னைக்கு ராத்திரி மழை ஊத்தி, ரோடு சரிஞ்சு அடைச்சுப் போச்சுன்னு வெச்சுக்குங்க. உங்க வீட்டு அடுப்பு எத்தனை நாளைக்கு எரியும்?”

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்வாடிக் கட்டடத்தில், காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டுப் பெண்களையெல்லாம் உட்கார வைத்து ஷெர்லின் கேட்ட கேள்வி இது. ஷெர்லின், மலைக் கிராமங்களுக்கு வந்துபோகிற ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு போன், வாயில் எப்போதும் ஒரு கேள்வி.

“அடுப்பு எத்தனை நாளைக்கு வேணுமுன்னாலும் எரியுமுங்க. எஸ்டேட்டுல வெறகுக்கா பஞ்சம்? மேல வெக்கறதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது” என்றாள் ஆராயி.

கூட்டம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று.

கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அதை ஷெர்லின் பார்த்துவிட்டாள்.

“நீங்க சொல்லுங்கக்கா.”

புவனா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பதில் தெரியும். அவள் வீட்டுப் பானையில் மறுநாள் காலைக்கு அரிசி இருந்தது. மத்தியானத்துக்கு இல்லை. இத்தனை பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வது?

அந்த வெட்கத்தில் பிறந்தவைதான் அவள் வீட்டுப் பரணில் இருக்கும் டின்கள்.

நாகலூர் டீக்கடையில் காலியாகக் கிடந்த எண்ணெய் டின்களைக் கேட்டு வாங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்தாள். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், களைந்து போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து டின்னில் போட்டாள். வண்டு வராமலிருக்க வேப்பிலை, காய்ந்த மிளகாய். ரேஷன் பருப்பில் மாதம் கொஞ்சம். உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. வீட்டுச் செலவில் யாருக்கும் தெரியாத ஒரு கைப்பிடிதான். பங்குனி, சித்திரை, வைகாசி என்று போகப் போக டின்கள் நிறைந்துகொண்டே வந்தன.

தண்ணீருக்குக் காசே ஆகவில்லை. வியூ பாயிண்டில் டூரிஸ்ட்டுகள் வீசிப்போகும் பெரிய பாட்டில்களைப் பொறுக்கி வந்து, சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, காய்ச்சி ஆறின தண்ணீரை நிரப்பிக் கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கினாள். வாரா வாரம் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினாள்.

“ஊரான் வாய் வெச்சு எறிஞ்ச பாட்டிலையெல்லாம் என்ற ஊட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்கறா பாரு” என்று மாமியார் வீராயி தினமும் பாடினாள்.

ஆனியில் ஷெர்லின் வந்து பார்த்தாள். பரணுக்குக் கீழே புவனாவை நிற்க வைத்துப் படம் பிடித்தாள். அது பெரிதாகி, பால்வாடிச் சுவரில் ஒட்டப்பட்டது. அன்றிலிருந்து வீராயியின் பாட்டு மாறிவிட்டது.

“எங்கூட்டுல டின்னு இருக்குது தெரியுமில்ல?”

பிறந்ததிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்காத புவனாவை லைனே திரும்பிப் பார்த்தது. அந்த ஆனி மாதம் ஒன்றில்தான் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

ஆடியில் கார்த்தி விழுந்தான்.

நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறிய புருஷன், பாசி வழுக்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவில் வந்து விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு பாயில் கிடந்தவன், தட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்டான்.

“அரிசி ஏது புவனா?”

“ரைட்டர் அட்வான்ஸ் குடுத்தாருங்க.”

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பழனிசாமி கொடுக்கவில்லை. அவள் போய்க் கேட்டாள். ஆபீசில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, வீராயி ஓடைக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் ஏறினாள். வீராயிக்கு முழங்கால் வலி, பரண் ஏற மாட்டாள். கார்த்தியால் எழவே முடியாது. ஆவணிக்குள் டின்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

இதைச் சொல்லியிருக்கலாம். பசிக்குச் சேர்த்ததைப் பசிக்குத் தின்றார்கள், அவ்வளவுதான். ஆனால், “உக்காந்து திங்கறேனே, உக்காந்து திங்கறேனே” என்று அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுததை அவள் பார்த்திருந்தாள். தான் தின்பது அந்த டின்னை என்று தெரிந்தால் அவன் தட்டையே தொடமாட்டான்.

அப்போதுதான் ஷெர்லினிடமிருந்து போன் வந்தது. “அக்கா, நாளைக்கு மஞ்சக்குட்டையிலேர்ந்து பொண்ணுங்க ஜீப்புல வர்றாங்க. உங்க டின்னைப் பாக்கணுமாம்!”

அன்று சாயங்காலம் புவனா களத்துக்குப் போனாள். காப்பிக்கொட்டையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் காய்ந்த தொலி அங்கே மலையாகக் கிடக்கும். ஒரு சாக்கு அள்ளி வந்தாள். டின்னுக்கடியில் கனத்துக்குக் கூழாங்கல். அதன் மேல் தொலி. தொலியின் மேல் பேப்பர். பேப்பரின் மேல், அன்று வாங்கிவந்த ரேஷன் அரிசியில் ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு படி.

வந்தவர்கள் மூடியைத் திறந்து பார்த்தார்கள். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் சத்தம் இன்னமும் அவள் காதில் இருக்கிறது.

திரும்ப நிரப்பிவிடலாம் என்றுதான் இருந்தாள். கார்த்தி கோலூன்றி நடக்க ஆரம்பித்திருக்கிறான், காப்பிப் பழம் பறிக்கும் எடுப்பும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் போதும்.

கார்த்திகை மழை விடவில்லை.

*

ரோடு சரிந்து மூன்றாம் நாள் காலை.

ஏற்காடு போகிற வழியில் இரண்டு இடத்தில் மண்ணும் மரமுமாக இறங்கிக் கிடந்தது. பஸ் இல்லை, ஜீப் இல்லை, கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. ஓடையிலிருந்து லைனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓஸ் குழாயை வெள்ளம் இழுத்துப்போய்விட்டது. நாகலூர்க் கடையில் சோப்பும் ஊறுகாயும் மட்டும் மிச்சம்.

புவனா அடுப்படியில் உட்கார்ந்து கடைசிப் படி ராகி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாமியாரின் குரல் கேட்டது.

“ஏ ஆராயி, என்னத்துக்குக் கையப் பெசையற? நான் இருக்கறேன்.”

“பெசையாம என்ன பண்ணச் சொல்றீங்க வீராயக்கா? நேத்தோட அரிசி காலி. பெத்த புள்ள ஊட்டுல கெடக்கறா.” ஆராயியின் மகள் கமலா தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தை பெற்று இன்னும் மாசம் திரும்பவில்லை.

“நேத்தே காலியா? அத்தனையும் எங்க போச்சு?”

“நல்லா கேக்கறீங்க! முந்தாநேத்து நாங்க எல்லாரும் அளவாக் கஞ்சி வெச்சுக்கலாமுன்னு பேசினப்ப நீங்கதானே சொன்னீங்க? ‘அரைக்கஞ்சி எதுக்கு, வயிறாரத் தின்னுங்க, எங்கூட்டுல அஞ்சு டின்னு இருக்குது’ன்னு. உங்கள நம்பி லைனே சோறாக்கித் தின்னுட்டு உக்காந்திருக்குது.”

புவனாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

இது அவளுக்குத் தெரியாது. பொய் பரணிலேயே கிடக்கிறது, யாரையும் எதுவும் செய்யவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது கீழே இறங்கி, லைன் முழுக்க வீடு வீடாகப் போய், எல்லோர் பானையையும் காலி பண்ணியிருக்கிறது.

“ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன்” என்றாள் வீராயி. “இன்னைக்கு மத்தியானம் பால்வாடி வராண்டாவுல ஒரே ஒல. எல்லா ஊடும் அங்க வந்து திங்கட்டும். அரிசி எங்களது. நீங்க பூசணியோ பலாக்கொட்டையோ இருக்கறத எடுத்தாங்க.”

“நீங்க நல்லாருக்கணுமக்கா. மருமவளுன்னா புவனா மாதிரி இருக்கணும். என்ற ஊட்டுக்கும் ஒருத்தி வருவா பாருங்க, போனையும் கையையும் பிரிக்க முடியாதவளா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புவனா கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அத்தை, ஒரு நிமிசம் உள்ள வாங்க.”

“என்ன கண்ணு? சொல்லு.”

“உள்ள வாங்களேன்.”

“அரிசி குடுக்க மனசு வல்லையா?” என்று வீராயி அவள் தாடையைத் தொட்டாள். “சேத்தது எதுக்கு? இதுக்குத்தானே சேத்த? ஒரு வேளை ஊருக்குச் சோறு போட்டோமுன்னா உன்ற மாமனாரு மேலேர்ந்து பாத்துச் சந்தோசப்படுவாரு. பண்ணையாளா வந்த குடும்பமுன்னு எத்தனை பேர் பேசியிருக்கறாங்க தெரியுமா?”

ஆராயி புவனாவைப் பார்த்துக் கை கூப்பினாள். விளையாட்டுக்காகத்தான். ஆனால் கண் விளையாடவில்லை.

புவனா திரும்பினாள். உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரை எடுத்து வந்து ஆராயியின் கையில் கொடுத்தாள்.

“கமலாவுக்குக் குடுங்க பெரியம்மா. காய்ச்சுன தண்ணி.”

அந்தத் தண்ணீராவது நிஜம்.

*

கார்த்தி கூரைச் சாரலுக்கு ஒதுங்கி, முக்காலியில் உட்கார்ந்து ஈர விறகைப் பிளந்துகொண்டிருந்தான். கோல் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. ஆடியிலிருந்து அவன் பாடி அவள் கேட்டதில்லை.

இவனிடம் சொல்லிவிடலாம். இவனிடம் சொன்னால் இவன் அம்மாவிடம் சொல்வான். கெட்டபேர் கெட்டபேர்தான், ஆனால் நாலு பேர் நடுவில் மூடியைத் திறப்பதற்கு முன்னால் வந்துவிட்டுப் போகட்டும்.

“ஏனுங்க...”

“வா வா. கேட்டியா சேதி? அம்மா அன்னதானம் பண்ணுது!” அவன் கோடரியைக் கீழே வைத்தான். “புவனா, உன்னயப் பத்தி நெனச்சுட்டிருந்தேன்.”

“என்னங்க?”

“நான் கால் ஒடைஞ்சு கெடந்தப்பக்கூட நீ அந்த டின்ன ஒரு கை தொடலை பாரு. வேற பொம்பளையா இருந்தா மொத வாரமே தொறந்திருப்பா. நீ போய் ரைட்டர்கிட்ட நின்னு, அட்வான்ஸ் வாங்கி எனக்குச் சோறு போட்ட. அதனாலதான் இன்னைக்கு அவங்களுக்குப் போட முடியுது.” அவன் குரல் இறங்கியது. “நான் தண்டச்சோறு தின்னுட்டுக் கெடந்தேன்னு எனக்கு நொம்ப வெக்கமா இருந்துச்சு புவனா. இன்னைக்குத்தான் கொஞ்சம் பரவால்ல. நம்ம ஊட்டுச் சோத்த நாலு பேர் திங்கறாங்கன்னா, நானும் ஒரு ஆளுதான்.”

அவள் சிதறிக்கிடந்த விறகைப் பொறுக்கி அடுக்கினாள்.

“என்ன சொல்ல வந்த?”

“வெறகு போதுமான்னு கேக்க வந்தேங்க.”

“லைனுக்கே போதும்” என்று சிரித்துவிட்டு மறுபடி கோடரியை எடுத்தான்.

*

சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் ரைட்டர் வீட்டுக்கு நடந்தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே செம்மண் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. பழுத்த காப்பிப் பழங்கள் உதிர்ந்து அதில் மிதந்து போயின.

பழனிசாமி கதவைத் திறந்தார். கம்பளியைப் போர்த்தியிருந்தார்.

“வாம்மா. உன்னயப் பாக்கணுமுன்னே இருந்தேன்.”

“கொஞ்சம் அரிசி வேணுமுங்க. எடுப்புச் சம்பளத்துல புடிச்சுக்குங்க.”

“அரிசி கெடக்கட்டும். உன்ற ஊட்டுக்காரன் போன வாரம் கோல ஊணிக்கிட்டு ஏறி வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டான். ‘அட்வான்ஸ் குடுத்து எங்க குடும்பத்தக் காப்பாத்துனீங்க’ன்னு கண்ணுல தண்ணி. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம்தான் புரிஞ்சுது.”

புவனா வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலை. சரி சரின்னு அனுப்பி வெச்சேன்” என்றார் அவர். “குடுக்காத காசுக்குக் கும்பிடு வாங்குனவன் நான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. ஆடியில நீ வந்து நின்னப்ப என்ற சொந்தக் காசுலயாவது குடுத்திருக்கலாம். குடுக்கலை.”

உள்ளே போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். பை பாதிகூட நிறையவில்லை.

“எங்கூட்டுல இவ்வளவுதான் மிச்சம். கணக்குல எழுதமாட்டேன். எடுத்துட்டுப் போ.”

புவனா கையை நீட்டி வாங்கினாள். எத்தனை பேர் சாப்பிட வேண்டும், எத்தனை பேருக்கு இது காணும்? அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. ஓடிப்போய்ப் பரணில் ஏறி, ஒரு டின்னிலிருந்தாவது தொலியைக் கொட்டிவிட்டு, ஐந்து டின்னின் மேலிருக்கும் அரிசியையும் இதையும் ஒன்றாகச் சேர்த்து, ‘மத்ததெல்லாம் வண்டு புடிச்சுப் போச்சு அத்தை’ என்று சொல்லிவிட்டால்?

இன்னொரு பொய்தான். ஆனால் சின்னது.

மடியில் பையை வைத்துச் சேலையைச் சுற்றி இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. பை நனையவில்லை.

லைனுக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பரணில் ஏணி சாத்தியிருந்தது.

பரண் காலி.

*

பால்வாடி வராண்டாவில் மூன்று கல் கூட்டி, கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய அண்டாவை ஏற்றியிருந்தார்கள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. லைன் சனமெல்லாம் தட்டும் போசியுமாகச் சாரலுக்கு ஒதுங்கி நின்றது. சுவர்ப் படத்திலிருந்து ஆனி மாதத்துப் புவனா அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆராயியின் புருஷன் சென்றாயன் கடைசி டின்னைத் தலையிலிருந்து இறக்கினார்.

“சும்மா சொல்லக்கூடாது. கல்லுக் கனம் கனக்குது” என்றார்.

“பின்ன? எங்கூட்டு அரிசி!” என்றாள் வீராயி.

“இருங்க!” என்றாள் புவனா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “அத்தை, இருங்க...”

“வந்துட்டாளே! எங்க போன மழையில? வா, உன்ற கையால மொத டின்ன நீயே தொற.”

எல்லோரும் வழி விட்டார்கள். கார்த்தி அண்டாவுக்குப் பக்கத்தில் விறகு தள்ளிக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறக்க அவளால் முடியாது. தூணோரமாக ஒதுங்கினாள்.

“வெக்கப்படறா” என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

“அவ எப்பத்தான் வெக்கப்படலை?” என்று ஆராயி டின்னைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியை நெம்பினாள். வெள்ளை வெளேரென்று அரிசி. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சென்றாயன் டின்னை இரண்டு கையாலும் தூக்கி, களையும் குண்டாவில் சாய்த்தார்.

முதலில் அரிசி விழுந்தது.

பிறகு ஒரு பேப்பர்.

பிறகு காப்பித் தொலி கொட்ட ஆரம்பித்தது. கறுப்பும் பழுப்புமாகக் குண்டா நிறைந்து, தரையில் வழிந்து, அடுப்புக் காற்றில் பறந்து எல்லோர் காலிலும் ஒட்டியது. கடைசியாகக் கூழாங்கற்கள் டமடமவென்று விழுந்தன.

உலை மட்டும் கொதித்தது.

“அடுத்ததத் தொறங்க” என்றாள் வீராயி. குரல் மாறியிருந்தது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

“எட்டி நின்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றது பின்னால் ஒரு குரல். “இத எத்தனை விசில் உட்டு வேக வெக்கணும்?”

ஒருவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, பசி நேரம் என்பதால்.

வீராயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “திருட்டு! எவளோ திருடிட்டா! மேல அரிசிய வெச்சு, உள்ள தொலியப் போட்டு... எங்கூட்டுக்குள்ள வந்துபோறவதான் பண்ணியிருக்கணும்!” அவள் கண் கூட்டத்தைத் தேடி, வராண்டா மூலையில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த கமலாவின் மேல் போய் நின்றது. “பொழுதுக்கும் எங்கூட்டுலயே கெடந்தவ யாரு? ‘புவனாக்கா, புவனாக்கா’ன்னு அடுப்படியில குந்திக்கிட்டு...”

“வீராயக்கா!” ஆராயி எழுந்துவிட்டாள். “வாய அளந்து பேசுங்க. நெறமாசக்காரியா இருந்தவ உங்க பரண்ல ஏறித் திருடுவாளா?”

“அவ ஏறாட்டி நீ ஏறியிருப்ப!”

கமலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பச்சை உடம்புக்காரி, பதில் பேசத் தெம்பில்லை. கண் மட்டும் புவனாவைத் தேடியது. நீயாவது சொல்லேன் என்று கேட்பதுபோல் இருந்தது.

அந்தக் கண்ணை மட்டும் புவனாவால் தாங்க முடியவில்லை.

“அவ எடுக்கலீங்க.”

“உனக்கென்ன தெரியும்? நீ சும்மா இரு.”

“நாந்தான் அத்தை எடுத்தேன். தொலி போட்டதும் நாந்தான்.”

இத்தனை பேர் நடுவில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியது இதுவே முதல் தடவை. ஷெர்லின் கேட்டபோது வராத பதில் இப்போது வந்தது.

வீராயி அவளைப் பார்த்தாள். “எடுத்து?”

“ஆக்குனேன்.”

“யாருக்கு ஆக்குன? நாம ரைட்டர் அட்வான்ஸ்லதானே...”

“ரைட்டர் அட்வான்ஸ் தரலீங்க.”

அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னாள். பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. அடுப்புக்குள் விறகு தள்ளும் சத்தம் நின்றுவிட்டதை அவள் முதுகு கேட்டது.

ஆராயிதான் முதலில் கணக்குப் போட்டாள். ஆடி, ஆவணி. அவள் வாய் திறந்து, கார்த்தியைப் பார்த்து, மூடிக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராகக் கார்த்தியைப் பார்த்தார்கள். அவன் காலைப் பார்த்தார்கள். யாராவது வாய்விட்டு ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

புவனா மடியை அவிழ்த்தாள். மஞ்சப்பையை எடுத்து, அரிசியைக் கொதிக்கிற அண்டாவில் கொட்டினாள். டின்களின் மேலிருந்த அரிசியைத் தொலி விலக்கிப் பொறுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து குந்தினார்கள். ஆராயி.

“முந்தாநேத்தே சொல்லியிருந்தா நாங்க அளவாத் தின்னிருப்போமே புவனா” என்றாள். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “கஞ்சியாவது மிஞ்சியிருக்கும்.”

“தெரியும் பெரியம்மா.”

“தெரிஞ்சு என்ன பண்றது? கல்லப் பாத்துப் பொறுக்கு. பெத்தவளுக்குப் பல்லு போயிரும்.”

வீராயி வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப் படத்தையே பார்த்தபடி நின்றாள். இன்னும் ஒருத்தரைக்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது கார்த்தி எழுந்தான்.

கையிலிருந்த விறகை அடுப்பில் வைத்தான். வேட்டியில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டினான். தரையில் சிந்திக்கிடந்ததைப் பார்த்தான். அவன் தின்றுகொண்டிருந்த அத்தனை நாளும் அதில் கிடந்தது. குனிந்து, ஒரு காலி டின்னை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“ஏனுங்க” என்றாள் புவனா.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். எல்லோரும் தாமாகவே ஒதுங்கினார்கள்.

“ஏனுங்க, கோல்...”

கோல் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தபடி இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு படி இறங்குவதற்குள், ஒரு காலை இழுத்து இழுத்து, அவன் மழைக்குள் போய்விட்டான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ரோடு சரிந்து கிடக்கிற வளைவை, அரிசி கிடைக்கும் ஏற்காட்டுப் பக்கத்தைப் பார்த்து நடந்தான்.

அவள் வாசலில் கோலோடு நின்றாள். தோளில் வெறும் டின்னை மழை அடிக்கும் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.